சாய்ந்த தரை

மால்மோ துறைமுகத்தை ஒட்டிய அறையில் காலை வெயில் கணினித் திரைமேல் விழுகிறது. மதியம் தாங்கள் உருவாக்கிய கணினி விளையாட்டை மக்கள் முன் வைத்தாக வேண்டும். சாய்சதுரக் கட்டங்களில் நிற்கும் வில்லாளியின் அம்பு எந்தப் பக்கமும் மூன்று கட்டம்தான் போக வேண்டும்; பக்கவாட்டில் சரியாகப் போகிறது, மேல்நோக்கி எய்தால் ஆறு கட்டம் பாய்கிறது. நிரல் எழுதிய சிக்ஸ்டன் தலையைச் சொறிகிறான். படம் வரைந்த தூருன் காலிக் கோப்பையை அவன் கண்ணெதிரே சாய்க்கிறாள்.

"இதோட வாய் வட்டம்தானே? இப்ப எப்படித் தெரியுது?"

"முட்டை மாதிரி நசுங்கி."

"நம்ம தரையும் சாஞ்சுதான்டா இருக்கு, மேல்கீழ் தூரம் பாதியாத் தெரியுது! நீ திரையில அளக்குற, மக்கு. தரையில அள!"

மேல்கீழ்த் தூரத்தை மட்டும் இரட்டிப்பாக எண்ணும்படி நிரலை மாற்ற, அவன் விரல்கள் விசைப்பலகையில் பறக்கின்றன. அம்பு மேலே பாய்ந்து, மூன்றாம் கட்டத்தில் குத்தி நிற்கிறது.

"இன்னொரு தடவ!" என்று இருவரும் ஒரே குரலில் கத்துகிறார்கள்.