நாலு மணிப் பை

சிறுநீரகம் கெட்ட கணவனுக்கு வீட்டிலேயே வயிற்றுக்குள் மருந்து நீரை ஏற்றி, வடித்து, வடிந்த பையை எடைபோட்டுக் குறித்துவந்தாள் தையல்காரி. அவன் அடிவயிற்றோரம் புடைத்த கட்டியைப் பற்றி மூன்று முறை டாக்டரிடம் சொன்னார்கள். "தண்ணி ஏத்தினா வயிறு அப்படித்தாம்மா இருக்கும்" என்றார் அவர், தலை நிமிராமலே. அது குடலிறக்கம். குடல் அதில் சிக்கி அழுகி, அவன் செத்துப்போனான்.

மறுவாரம் ஒருநாள், வழக்கமாக நீர் வடிக்கும் நாலு மணிக்கு, கட்டிலடியில் கிடந்த காலிப் பை நிறைந்திருந்தது. இரண்டு கிலோ முந்நூறு. கொட்டிவிட்டாள். மறுநாளும் அதே எடை. மூன்றாம் நாள் பயம் போய் அவளுக்கு வயிறு எரிந்தது. பையைத் தூக்கிக்கொண்டு நேரே போய் டாக்டரின் மேசையில் பொத்தென்று போட்டாள்.

"இது யாரோடதும்மா?"

"அன்னிக்குத்தான் தொடல. இப்பவாவது தொட்டுப் பாருங்க."

தொட்டவர் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். உடம்புச் சூடு.

"உங்க வீட்டுக்காரர்தான் இறந்துட்டாரே..."

"அது மட்டும் ஞாபகம் இருக்குதா? தினமும் கொண்டுவருவேன். இனிமே நீங்களே எடைபோட்டு எழுதுங்க."

அவர் பேனாவைத் தேடினார். பையின் குழாய் வாய் இறுக மூடியிருந்தது. ஆனாலும் பை, அவர் பக்கமாக ஒரு ஓரத்தில், மெல்லப் புடைத்துக்கொண்டே வந்தது.