அவசரம் லேதண்டி

கல்பகம் வாயைத் திறந்தாள். வசனம் வரவில்லை, வெறும் காற்றுதான் வந்தது.

ஹைதராபாத் மாதாப்பூரில் ஆறாவது மாடி. எதிரே கேமரா. அதற்குப் பின்னால் தாடியும் தொப்பியுமாக அபிநவ் என்கிற பிள்ளையாண்டான். புதிதாக ஒரு தெலுங்கு நகைச்சுவைத் தொடர் எடுக்கப்போகிற இயக்குநர். கதையில் மேல் வீட்டில் குடியிருக்கும் தமிழ் மாமிக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தான்.

தமிழ் மாமிதானே வேண்டும் என்று, உள்ளே நுழைந்ததிலிருந்து கல்பகமும் தமிழைத் தவிர வேறு எதுவும் பேசவில்லை.

டி.வி. பார்ப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. தூர்தர்ஷன் காலத்துக் காமெடியிலிருந்து போன வாரம் வந்த கொரியன் டிராமா வரை ஒன்றையும் விட்டதில்லை. எதைப் பார்க்கலாம், எதைப் பார்த்தால் தலைவலிதான் மிச்சம் என்று வெள்ளிக்கிழமைதோறும் உறவுக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் தீர்ப்பு எழுதுவாள். அமெரிக்காவில் இருக்கும் நாத்தனார்கூட அதற்கு மேல் பேசமாட்டாள்.

புது டிராமாக்களில் எல்லாரும் கரண்டு பில்லுக்குப் பயந்த மாதிரி இருட்டிலேயே நின்று கிசுகிசுக்கிறார்கள் என்பது அவள் கட்சி. அதிலும் நல்லது இருக்கிறது, தேடிப் பார்க்க வேண்டும். ஆனால் பழைய காமெடிக்கு ஈடு கிடையாது. அதில் வருகிறவர்களுக்குத் தாங்கள் சிரிப்பு மூட்டுகிறோம் என்பதே தெரியாது, அங்கேதான் இருக்கிறது வித்தை என்பாள்.

"பாக்கத் தெரிஞ்சா நடிக்கத் தெரிஞ்சுடுமா, கல்பகம்?" என்று காலையில்கூடக் கேட்டார் கணவர் வெங்கடராமன். கேலியாகக் கேட்டிருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பாள். மனிதர் அக்கறையாகக் கேட்டார். அதுதான் சுட்டது.

ஏற்கெனவே இரண்டு இடத்தில் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பியாயிற்று. இதுவும் இல்லையென்றால் இனி கேமரா இருக்கும் திசையில் தலைவைத்துப் படுப்பதில்லை என்று அவளே அவரிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்பியிருந்தாள்.

கீழ் வீட்டுக்காரனைத் திட்டுகிற வசனம். மறுபடியும் முயன்றாள். குரல் கீச்சென்று மேலே போய் அங்கேயே நின்றுவிட்டது. பார்க்கிறவர்களுக்கே கூச்சமாக இருந்தது.

அபிநவ் செல்பேசியிலிருந்து தலையை நிமிர்த்தாமலே, "அவசரம் லேதண்டி. தேங்க்ஸ்" என்றான்.

கல்பகம் அவனையே பார்த்தாள். ஒரு நொடிதான்.

பிறகு முகமெல்லாம் மலர்ந்தது. "நேக்கும் ஒரு அவசரமும் இல்லேப்பா. நீ நிதானமா உன் வேலையைப் பாரு" என்று நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

உதவி இயக்குநர் பத்மஜா ஓடிவந்து வாசல் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள், கிளம்புங்கள் என்கிற அர்த்தத்தில்.

"சமத்து! கொஞ்சம் காத்து வரட்டும்" என்றாள் கல்பகம்.

பைக்குள்ளிருந்து ஃபிளாஸ்க் வெளியே வந்தது. மூடியில் காபியை ஊற்றி முதலில் அபிநவிடம் நீட்டினாள். வேறு வழி தெரியாமல் அவனும் வாங்கிக்கொண்டான். காபியை வாங்கிக் குடித்தபின் ஒருத்தியை எப்படி எழுந்து போகச் சொல்வது?

அடுத்து நடித்துக்காட்ட வந்த பெண்மணி உள்ளே எட்டிப் பார்த்தாள். கல்பகம் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தி இடம் பண்ணிக்கொடுத்து, கல்யாண வீட்டு அத்தை மாதிரி அவளை வரவேற்றாள். இங்கே யாரும் விரட்டமாட்டார்கள், ரொம்பப் பொறுமைசாலிகள் என்று தமிழிலேயே தைரியமும் சொன்னாள். அந்த அம்மாளுக்கு ஒரு எழுத்தும் புரியவில்லை, ஆனாலும் தலையாட்டினாள்.

முதலில் கேமராக்காரரின் தோள் குலுங்கியது. விளக்கைப் பிடித்திருந்தவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அபிநவுக்குக் காபி புரையேறியது. அதோடு அறையே வெடித்துவிட்டது.

கல்பகம் மட்டும் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். அதைப் பார்த்து இன்னும் சிரித்தார்கள்.

கேமராவை யாரும் நிறுத்தியிருக்கவில்லை.

அபிநவ் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். இந்த அம்மாவை எங்கேயும் அனுப்பாதே என்று பத்மஜாவிடம் தெலுங்கில் கத்தினான். மாமி இவர்தான், முதல் காட்சியும் இதுதான், அப்படியே எழுதிவிடலாம் என்றான்.

பத்மஜா வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். சினிமா பார்த்துக் கற்றுக்கொண்ட தமிழ். "மேடம், தெலுங்குல அவசரம்னா தேவை. நீங்க தேவையில்லன்னு சார் சொன்னாரு. நீங்க ஹர்ரி இல்லன்னு நெனச்சிட்டீங்க!"

"ராம ராமா!" கல்பகம் மார்பில் கையை வைத்துக்கொண்டாள். "நேக்கு எப்படிம்மா தெரியும்?"

அறை மறுபடியும் அதிர்ந்தது.

லிஃப்டில் தனியாக இறங்கும்போது கால் தரையில் பாவவில்லை. ஜெயித்துவிட்டாள். வெங்கடராமனுக்குச் சேதி சொன்னபோது மனிதர் இன்னொரு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டார். அதுவே அவளுக்குப் போதுமாக இருந்தது.

வாசலுக்கு வருவதற்குள் இன்னொரு அழைப்பு. அன்னக்கிளி. கோயம்புத்தூரிலிருந்து கணவனுக்கு மாற்றலாகி, கல்பகம் இருக்கும் காஞ்சன்பாக் குடியிருப்புக்குப் போன மாதம்தான் வந்தவள்.

"மாமி, இன்னைக்குத் தெலுங்கு கிளாஸ் இருக்குங்களா? நாங்க அத்தனை பேரும் வந்து உங்க வீட்டு வாசல்ல நிக்கறோம்."

"வந்துண்டே இருக்கேன்டி. அதுக்குள்ள முதல் நாள் பாடத்தை ஒரு தடவை சொல்லிப் பாருங்கோ. அவசரம்னா என்ன?"

"தேவை, மாமி!" என்றார்கள் அத்தனை பேரும் ஒரே குரலில்.