வலப்பக்கம்

மானியத்துக்கு மனுப் போடும் பெண்கள் தங்கள் தொழிலைப் பற்றி ஒரு நிமிடம் பேசி வீடியோ அனுப்ப வேண்டுமாம். சோப்புக் கட்டிகள் அடுக்கிய மேசைக்குப் பின்னால் அவள் நிற்கிறாள். எதிரே போனும் கையுமாக மகள். ஜன்னல் வெயில் மேசையின் வலது பாதியில் மட்டும் விழுந்திருக்கிறது. "நடுவுல வந்து நில்லும்மா." வருகிறாள். வாய் திறந்ததும் கால் தானாக இடப்பக்கம் ஒதுங்கிவிடுகிறது. வலப்பக்கம் அக்காவின் இடம். சேர்ந்து தொடங்கிய தொழிலில் கை இவளுடையது, வாய் அக்காவுடையது. சும்மா வேடிக்கை பார்க்க வந்தவர்களையும் முகர வைத்து வாங்க வைத்துவிடுவாள். அக்கா கண்ணை மூடி ஒரு மாதமாகிறது. "ஏம்மா ஓரமாவே போற?" "சரி, சரி, எடுடி." இந்த முறை காய்ச்சுவதை, வார்ப்பதை, ஆறவைப்பதைத் தடுமாறாமல் சொல்லிக்கொண்டே வந்தவள், வெயில் பக்கம் திரும்பி, "வாசனையப் பத்தி நீ சொல்லுக்கா" என்கிறாள்.