மலர்க்கொடி பிடுங்கின கஷாயம்

கிட்ட வந்து உக்காருங்க. சத்தமாச் சொல்ற கதை இல்ல இது.

திருவொத்தியூர்ல டயாலிசிஸ் பண்ற எடம் ஒண்ணு. அங்கே கிருஷ்ணப்பனுக்கும் மலர்க்கொடிக்கும் பக்கத்துப் பக்கத்துப் படுக்கை. அவர் கடலுக்குப் போன ஆளு. அவ ராயபுரத்துல மீன் விக்கிறவ, வாய் கொஞ்சம் நீளம்.

அன்னைக்கு மெஷின் ஓடிக்கிட்டிருக்கும்போது அவர் பையைப் பாத்துட்டா.

“இன்னா நைனா பாட்டிலு? சரக்கா?”

“கஷாயம். சாத்தாங்காட்டாண்ட ஒரு வைத்தியர் குடுத்தாரு. மிஷினு இன்னியோட சரி. இனிமே வூட்டுலயே கெடக்கப் போறேன்.”

“அவரா நிறுத்தச் சொன்னாரு?”

“அவராண்ட இந்த நோவையே சொல்லல. வாய்க்கு ருசி இல்லன்னேன், குடுத்தாரு. எவனாச்சும் கேட்டா, நாட்டு மருந்து சாப்புடுறேன்னு சொல்லிக்கலாம்ல. நான் இருந்து யாருக்கு இன்னா ஆவணும்? கட்டினவ பூட்டா. புள்ள மஸ்கட்ல கீறான், ஒரு போன் கெடையாது.”

மலர்க்கொடி ஃபேனையே பாத்துக்கிட்டுக் கெடந்தா.

மொதல்ல அவ மெஷின் நின்னுச்சு, அப்புறம் அவரோடது. ஊசி எடுத்த எடத்தை அவர் பஞ்சு வச்சு அமுக்கிக்கிட்டிருந்த நேரம், பாட்டில் அவ கைக்குப் போயிடுச்சு.

“எனக்கும்தான் பேஜாராப் பூச்சு. இத்த நான் குடிக்கிறேன். வியாழக்கெழம மிஷினுக்கு நானும் வரல.”

“ஏய், குடும்மே. ஒனக்குப் பொண்ணு கீது.”

“ஒனக்கு ஆவறது எனக்கு ஆவாதா?”

போயே போயிட்டா.

எதிர்ப் படுக்கை டில்லிபாபு தலையில அடிச்சுக்கிட்டார். “வயசான ஆளாண்ட மருந்தைப் புடுங்கினு போவுது பாரு. மனுஷியா அது.”

கிருஷ்ணப்பனும் திட்டிக்கிட்டேதான் வீடு போய்ப் பூட்டைத் தொறந்தார். ஒரு தட்டு, ஒரு டம்ளர். ரேடியோவைத் தவிர யாரும் பேசாத வீடு.

படுத்தா தன் நெனப்பு வரல, அவ நெனப்புதான். அவ பொண்ணு பத்தாவது படிக்குது. மெஷினுக்கு வராம நின்னவங்க என்ன ஆனாங்கன்னு அவருக்குத் தெரியும், படுக்கை கைமாறினதைக் கண்ணால பாத்தவர். இத்தனை நாள் பக்கத்துல படுத்தும் அவ போன் நம்பரை வாங்கி வெக்கல.

வியாழக்கெழமை விடிஞ்சதும் ஓடினார். பக்கத்துப் படுக்கை காலி.

“மலரு வர்ல?”

“படுக்கைக்கு இன்னும் வரல தாத்தா,” நர்ஸ் நவ்ரீன் சொன்னா. “நீங்க படுங்க, மூச்சு வாங்குது பாருங்க.”

“நான் அதுக்கு வரல. அவளுக்கு ரெண்டு வார்த்தை புத்தி சொல்லிட்டுப் பூடலாம்னு வந்தேன்.”

“படுத்துக்கிட்டே சொல்லுங்க.”

வாசலையே பாத்துக்கிட்டு அவர் கையை நீட்டினார். ஒரு ஊசி ஏறிச்சு. ரெண்டாவதும் ஏறிச்சு. மெஷின் சுத்த ஆரம்பிச்சது.

அதுக்கப்புறம்தான், அவருக்கும் முன்னாடியே வந்து மாடிப்படிக்குப் பின்னால ஒளிஞ்சு உக்காந்திருந்த மலர்க்கொடி, சேலையைத் தட்டிக்கிட்டு எழுந்து, உள்ளே வந்து பக்கத்துப் படுக்கையில படுத்து நவ்ரீன்கிட்ட கையை நீட்டினா.