முப்பத்தேழாம் சைஸ் கால்

ஆம்பூர் ஷூ கம்பெனியின் சாம்பிள் ரூமுக்குள் ஜெமி பயந்துகொண்டே நுழைந்தாள். சூப்பர்வைசர் தாமோதரனின் மேசையில் அந்தப் படம் கிடந்தது. இன்னும் கடைக்கே வராத, முன்னால் விரல்கள் தெரிகிற புது மாடல் ஷூவில் ஒரு பெண்ணின் கால்.

யாரோ அதை ஆர்குட்டில் போட்டிருக்கிறார்கள். ஆர்டர் கொடுத்த ஜெர்மன் கம்பெனி பார்த்துவிட்டு, படத்தை மட்டும் மெயிலில் அனுப்பி ஆர்டரை நிறுத்திவிட்டது.

சாம்பிள் எல்லாம் முப்பத்தேழாம் சைஸில்தான் தைப்பார்கள். செக்‌ஷனில் அந்த அளவுக் கால் ஜெமிக்கு மட்டும்தான். எந்த மாடலையும் முதலில் போட்டு நடந்து காட்டுவது அவள்தான். காலையிலிருந்து எல்லோர் கண்ணும் அவள் கால்மேல்.

"சார், சத்தியமா அந்தப் படத்த நான் போடல."

"போட்டவங்க இன்னிக்கே ஐ.டி. கார்டைக் குடுத்துட்டுப் போயிடணும்னு மேனேஜர் சொல்லிட்டாரும்மா."

"அந்தக் கால்ல மெட்டி இருக்குது சார். எனக்கு இன்னும் கல்யாணமே ஆவல!" அழுகை முட்ட, கை தானாகக் கழுத்திலிருந்த கார்டுக்குப் போனது.

"கழட்டாத. அது யார் காலுன்னு எனக்குத் தெரியும்."

தாமோதரன் தன் கார்டைக் கழற்றி அந்தப் படத்தின் மேல் வைத்தார்.

"இத்தினி வருஷமா முகம் தெரியாத வெள்ளைக்காரிங்களுக்கே தெச்சேன். என் சம்சாரம் மல்லிகாவுக்கும் உன் சைஸ்தான். ஒரு நாள் வீட்டுக்கு எடுத்துனு போயி அவ கால்ல போட்டுப் பார்த்தேன். அழகா இருந்துச்சு. நாலு தோஸ்துங்க பார்க்கட்டும்னு நான்தான் படம் புடிச்சுப் போட்டேன்."

ஜெமி தன் கார்டிலிருந்து கையை எடுத்தாள்.

"அவளுக்கு இன்னும் விஷயம் தெரியாதும்மா. காலையில கூட ஆசையா கேட்டா, எத்தினி பேரு பார்த்தாங்கன்னு."