தஞ்சோங் டாவாய் மாப்பிள்ளை

"நாப்பது தாண்டியாச்சு. இந்த வயசுல உனக்கு மாப்பிள்ளை கேக்குதா?"

கிராப் வாடகைக் காடியிலிருந்து இறங்கியதும் உமாராணி கேட்ட முதல் கேள்வியே அதுதான். நலம் விசாரிப்பெல்லாம் கிடையாது.

வெயில் மண்டையைப் பிளந்தது. தஞ்சோங் டாவாய் கடலோரத்தில், தட்டு தட்டாக நெத்திலி காய்ந்துகொண்டிருந்தது. அதைக் கிளறிவிட்டுக்கொண்டிருந்த தங்கை ஜெயமலர் நிமிர்ந்து சிரித்தாள்.

"வாக்கா. முதல்ல நிழலுக்கு வா."

"நிழலுக்கு ஒதுங்கவா மெர்கோங்கிலருந்து வந்தேன்?"

உமாராணி அவளை மேலும் கீழும் பார்த்தாள். கருத்துப்போன முகம், ஆம்பளை டீசட்டை, உடம்பெல்லாம் கருவாட்டு வாடை. இந்த லட்சணத்தில் சிரிப்பு வேறு! அந்தச் சிரிப்புதான் உமாராணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உன்னைக் கட்டுன விக்னேஸ்வரன் அடிச்சான், ஒத்துக்கறேன். ஊருலகத்துல இல்லாத அடியா? அதுக்குப் போயி கோர்ட்டு வாசல மிதிச்சு, குடும்ப மானத்தக் கப்பலேத்துனே. அதோடயாவது சும்மா இருந்தியா?"

"அவன் அடிச்சதுல எனக்கு ஒரு காதே போச்சுக்கா."

"இன்னொண்ணு நல்லாத்தானே இருக்கு!"

சொன்ன பிறகு உமாராணிக்கே கொஞ்சம் அதிகமாகப்பட்டது. ஆனாலும் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

"உன் மாமா கோயில் தலைவர். போன வாரம்கூட மேடையில குடும்பப் பெருமை பத்திப் பேசி, அப்படி ஒரு கைதட்டல் வாங்குனாரு. அவரு கொழுந்தியா ரெண்டாந்தாரமாப் போறான்னா, நாளைக்கு அவரு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு மைக்கப் பிடிப்பாரு?"

அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தார் மாப்பிள்ளை காளிதாசன். அரைக்கால் சிலுவார், முன்னால் தள்ளிய தொப்பை, ஒரு கையில் பாராங் கத்தி, இன்னொரு கையில் சீவிய இளநீர்.

"வாங்கக்கா. இந்த வெயில்ல அலைஞ்சு வந்திருக்கீங்க, குடிங்க."

"நீங்க என்ன தொழில் பண்றீங்க?"

"கருவாடு எடுத்து யான், குரூண்னு பக்கத்து ஊர்க் கடைங்களுக்குப் போடறேங்க்கா. ஒரு வேன் இருக்கு. முன்ன சம்சாரம் இருந்தாங்க, நோயில போயிட்டாங்க."

கேட்காததற்கும் பதில் சொல்லிவிட்டு, அவர் அடுத்த இளநீரைச் சீவப் போனார்.

"இந்த மூஞ்சியிலயா மயங்குனே?" உமாராணி உதட்டைப் பிதுக்கினாள்.

"எனக்கு ஒரு காது கேக்காதுன்னு நான் அவர்கிட்ட சொல்லவே இல்லக்கா. அவரா தெரிஞ்சுக்கிட்டாரு. அன்னையிலருந்து கேக்கற காதுப் பக்கமாத்தான் வந்து நின்னு பேசறாரு."

"ஆகா! பெரிய காவியம்தான்."

கைப்பேசி அடித்தது. திரையில் கணவர் பெயரைப் பார்த்ததும் உமாராணி விறைத்து நின்றாள். அதுவரை ஓங்கி ஒலித்த குரல் எங்கே போனதோ!

"சொல்லுங்க... ஆமாங்க, சொல்லிட்டேங்க... இல்லீங்க, வேற எங்கயும் போகலீங்க... இதோ கிளம்பிட்டேங்க."

கைப்பேசியைப் பைக்குள் வைத்துவிட்டுத் தலையை நிமிர்த்தினாள். "நான் இல்லேன்னா அவருக்குச் சோறே எறங்காது."

ஜெயமலர் குனிந்து நெத்திலியைக் கிளறினாள்.

"கடைசியாச் சொல்றேன். இந்தக் கல்யாணம் நடந்தா எங்க வீட்டு வாசப்படிய நீ மிதிக்கக் கூடாது. மாமா சொல்லச் சொன்னாரு."

இவள் அழுவாள், காலில் விழுவாள் என்று உமாராணி எதிர்பார்த்திருந்தாள்.

"சரிக்கா. வா, நானே கொண்டுபோயி விடறேன்," என்றாள் ஜெயமலர்.

வேன் ஓட்டவும் அந்த ஆள்தான் கற்றுக்கொடுத்தாராம். 'கருவாட்டுக்காரனுக்கு டிரைவர் வேலையும் பாக்கணும் போல' என்று உள்ளுக்குள் இளக்காரமாக நினைத்தபடி, உமாராணி முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

ஜெயமலர் வேனைப் பின்னால் எடுத்தாள்.

டமார்!

பின்னால் நின்ற தென்னைமரத்தில் வேன் மோதியது. விளக்கு நொறுங்கி விழும் சத்தம் முன்னால்வரை கேட்டது.

காளிதாசன் கையிலிருந்த கத்தியோடு ஓடி வந்தார். அவர் முகம் வெளிறியிருந்தது. கத்தியைக் கீழே எறிந்துவிட்டு, ஜெயமலர் பக்கத்துக் கதவைப் படாரென்று திறந்தார்.

உமாராணி கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

"அடி பட்டுச்சா மலரு? கழுத்தத் திருப்பு பாப்போம். வலிக்குதா?"

"எனக்கு ஒண்ணும் இல்ல. வேன்தான் போச்சு."

"அது கெடக்குது, தாப்பாலா, பரவால்ல! வேனுக்கு வலிக்கவா போகுது? நான்தான் அந்த மரத்துல ஏதாச்சும் கலர் அடிச்சு வச்சிருக்கணும்."

தங்கை சிரித்தாள். அந்த ஆளும் சிரித்தார். அப்புறம் அவருடைய சிரிப்பு நின்றது.

"அக்கா... ஒண்ணும் ஆகல. கைய எறக்குங்கக்கா."

அப்போதுதான் உமாராணிக்கே தெரிந்தது. தன் இரண்டு கைகளும் முகத்தை மறைத்துக்கொண்டிருந்தன.

வேன் கிளம்பியது. கைப்பேசி மட்டும் பைக்குள்ளிருந்து திரும்பத் திரும்பக் கத்தியது. உமாராணி அதை எடுக்கவே இல்லை.

யான் வயல்வெளி தாண்டியதும் மெல்லக் கூப்பிட்டாள்.

"மலரு..."

"என்னக்கா?"

"உனக்கு விவாகரத்து வாங்கிக் குடுத்தாங்களே ஒரு லாயரம்மா... அவங்க ஆபீஸு இந்நேரம் தொறந்திருக்குமா?"