பாதி ஆமீன்

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்த வெயிலில் கல்முனை வீதி கொதிக்கிறது. குண்டு விழும் தூர நாட்டுப் பிள்ளைகளுக்காகப் பள்ளிவாசல் முன்னால் கூட்டம் கோஷம் போடுகிறது. அதில் நின்ற றாவியத்தும்மாவுக்குத் தலை சுற்ற, வீதியைக் கடந்து எதிரே இருக்கும் பந்தலின் நிழலில் குந்துகிறாள். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் படங்களை மடியில் வைத்திருக்கும் தமிழ்ப் பெண்களின் பந்தல் அது. பக்கத்திலிருக்கும் பூமலர் தண்ணீர்ப் போத்தலை நீட்டிக்கொண்டே கேட்கிறாள்: "நீங்க ஆரத் தேடுறீங்க?" நிழலுக்கு வந்தேன் என்று சொல்லத்தான் றாவியத்தும்மா வாயெடுக்கிறாள். "எங்கட மனுசன," என்று வந்துவிடுகிறது. "சண்டைக் காலத்தில நெல்லு லொறியில போனவர்." "இல்லையெண்டு ஆரும் சொன்னாங்களா?" "ஒருத்தரும் சொல்லல்ல புள்ள. அதால நான் இத்தாவும் இருக்கல்ல." கணவன் மௌத்தானால், அதாவது இறந்துபோனால், மனைவி வீட்டோடு இருக்கும் துக்கக் காலம் இத்தா. பூமலரின் விரல் தன் நெற்றிக்குப் போகிறது. "ஓம், நானும் இந்தப் பொட்ட அழிக்கல்ல." எதிர்ப்பக்கப் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் துஆப் பிரார்த்தனை தொடங்குகிறது. அநியாயமாக மௌத்தான எல்லோருக்கும் கேட்கிறார்கள். பழக்கத்தில் றாவியத்தும்மாவின் கைகள் விரிகின்றன. எல்லோருக்கும் என்றால் லொறியில் போன அவருக்கும்தானா? வீதி முழுக்க ஆமீன் எழும்புகிறது. அவளுடைய வாய் மட்டும் 'ஆ'வென்று திறந்தபடியே நிற்கிறது.